அப்டேட் பாயின் வெள்ளிக்கிழமை ஆட்டம்

உலகத்தின் எந்த மூலையில் வீடியோ கேம் மெஷின் விலை ஏறினாலும் முதல் பெருமூச்சு ஆம்பூரில்தான் விடப்படும். விடுகிறவர் அப்டேட் பாய். விலை ஏறப்போவது தயாரிக்கிற கம்பெனிக்காரனுக்கே மறுநாள்தான் தெரியும், பாய்க்கு முதல் நாளே தெரிந்துவிடும் என்று எங்கள் ஃபாக்டரியில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பியதில்லை. ஆனாலும் மறுத்துப் பேசி யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை.

பைபாஸ் ஓரத்து ஷூ ஃபாக்டரி ஒன்றின் எக்ஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்து நான் மெயில் அனுப்பிக்கொண்டிருந்த காலம். ரொம்பப் பழைய காலம் இல்லை, போன வருஷம் வரைக்கும்தான். பாய்க்கு லெதர் செலக்‌ஷனில் வேலை. வந்து இறங்கும் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, மோந்து பார்த்து, இது ஃபர்ஸ்ட் கிரேடு, இது செகண்ட், இது ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். அந்தப் பழக்கம் தோலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேன்டீன் வடையையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வளைத்துப் பார்ப்பார். என் கல்யாணப் பத்திரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "செகண்ட் கிரேடு தம்பி. பொண்ணு வூடாவது நல்ல எடமா?" என்று கேட்ட மனுஷன்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. காலை டீ மணி அடித்ததும் அவர் போனைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கேம் உலகச் செய்திகளை வாசிக்க ஆரம்பிப்பார். எந்த ஆட்டம் தள்ளிப்போனது, எந்த கம்பெனி எந்த கம்பெனியை விழுங்கியது, எந்த மெஷின் என்ன விலை, எல்லாம் வரும். போர்ச் செய்தி வாசிக்கிற முகத்தோடு வாசிப்பார்.

"இன்னா பாய், இன்னிக்கி ரேட்டு இன்னா?" என்று ஸ்டிச்சிங் லைனில் இருந்து லட்சுமி அக்கா கேட்பார். தங்கம் விலை கேட்கிற அதே குரல்.

"ஜாஸ்தி ஆயிடுச்சிம்மா. மெமரி சிப்பு கெடைக்கலியாம். இந்தக் கத, கட்டுரைலாம் எழுதித் தர்ற கம்ப்யூட்டர் இருக்குதுல்ல, அத்த வளக்கறவங்க எல்லா சிப்பையும் மூட்ட கட்டிக்கினு பூட்டாங்க. கேம் ஆடறவனுக்கு மிச்சம் மீதிதான்."

"நல்லா இருப்பாங்களா அவங்க" என்று அக்கா உச்சுக்கொட்டுவார். அந்த லைனில் ஒருத்தர் வீட்டில்கூட கேம் மெஷின் கிடையாது. இருந்தாலும் அன்றைக்கு முழுக்க அந்த வரிசையே சோகமாகத் தைக்கும்.

இதெல்லாம் வெறும் கிறுக்கு என்று நானும் கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். காரணம் தெரிந்த பிறகு சிரிப்பு பாதியாகக் குறைந்தது. பாய்க்கு ஒரே அண்ணன். சவூதியில் வேலை. சின்ன வயதில் ஒரே ஜாய்ஸ்டிக்குக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். தங்கை மகள் கல்யாணத்துக்கு அண்ணன் ஊருக்கு வந்தபோது, பாய் தன் கையால் தோல் பொறுக்கி அவருக்கு ஒரு ஜோடி ஷூ தைத்துக் கொடுத்தார். அண்ணனும் அதைப் போட்டுக்கொண்டு நிக்காஹ்வுக்கு வந்தார். ஆனால் குடும்பப் போட்டோ எடுக்கிற நேரத்தில் ஷூவைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, யாருடைய ரப்பர் செருப்பையோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "கடிக்குதுடா" என்றாராம்.

வேறு ஊரில் இது ஒரு விஷயமா? இது ஆம்பூர். தோல் செலக்‌ஷன் பார்க்கிறவரின் கூடப்பிறந்த அண்ணன், ஊர்த் தோல்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, ரப்பர் செருப்பில் நின்றார். பாய் அன்றோடு பேச்சை நிறுத்தினார். அண்ணனும் வீம்பில் இளைத்தவர் இல்லை. அவரும் நிறுத்தினார்.

பேச்சுதான் நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே லீவு. இங்கே பாய் வேலை முடிந்து குளித்துவிட்டு டிவி முன்னால் உட்காருவார், அங்கே அண்ணன் அவர் டிவி முன்னால் உட்காருவார். இன்டர்நெட்டில் ஃபுட்பால். எதிரெதிர் டீம் என்று நினைத்தேன். இல்லை, இருவரும் ஒரே டீமாம். காதில் மாட்டிப் பேசுகிற சமாச்சாரத்தை மட்டும் இருவரும் தொடமாட்டார்கள்.

"பேசாம எப்டி பாய் ஆடுவீங்க?"

"அவரு எனக்கு பால பாஸ் பண்ணா சலாம் சொன்ன மாரி தம்பி. நான் திருப்பிக் குடுத்தா பதில் சலாம்."

"பாஸ் பண்ணாம அவரே கோல் போட்டா?"

"அன்னிக்கி கோவத்துல கீறாருன்னு அர்த்தம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

இந்த சலாமுக்குத்தான் ஆபத்து வந்தது. பழைய மெஷினில் அந்த ஆட்டத்துக்கான ஆன்லைன் சேவையை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்த காலையில், பாய் அதை வாசிக்கவே இல்லை. போனை என்னிடம் நீட்டினார். அண்ணன் ஏற்கெனவே புது மெஷின் வாங்கிவிட்டிருந்தார். பாயும் வாங்கினால்தான் வெள்ளிக்கிழமை உண்டு, இல்லாவிட்டால் அந்த ஒரு நூலும் அறுந்தது.

வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். பாய்க்கு ஒரு வேதாந்தம் இருந்தது. "எலக்ட்ரானிக் சாமான் பழசாவ பழசாவ வெல கம்மியாவும் தம்பி. ஒலக நியாயம் அது." உலகம் பார்த்து அந்த வருஷம்தான் நியாயத்தை மாற்றிக்கொண்டது. ரம்ஜான் ஆஃபருக்குக் காத்திருந்தார், விலை ஏறியது. ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்தார், இன்னும் ஏறியது. தீபாவளிக்கு ராக்கெட்டோடு சேர்ந்து அதுவும் மேலே போனது.

"இது இன்னா மாம்பழமா பாய், சீசன் வந்தா எறங்கறதுக்கு? வாங்கித் தொலைங்க" என்று நான் கத்தினேன். "கொஞ்சம் பொறு தம்பி, எறங்கும்" என்றார்.

சேவை நின்றது. அந்த வெள்ளிக்கிழமை பழைய மெஷினைப் போட்டு, இணைக்க முடியவில்லை என்று திரையில் வந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த வெள்ளியும் அப்படியே. பாபிதான் எனக்குச் சொன்னார். பாயின் மனைவியை நாங்கள் எல்லோரும் பாபி என்றுதான் கூப்பிடுவோம். ஃபாக்டரியில் செய்தி வாசிப்பும் நின்றுபோனது. லட்சுமி அக்கா ரேட்டு கேட்டால், "தெரியலம்மா" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுமாரான தோலையெல்லாம் ஃபர்ஸ்ட் கிரேடில் போட ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"ஒரு போன் போடுங்களேன் பாய், அண்ணன்தான?"

"மொதல்ல அவரு போடட்டும்."

முடிவெடுத்தது பாபி. வாஷிங் மெஷினுக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தார். "துணிய நான் கையில தொவச்சிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் மொறச்சிக்கறதால, ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒங்க அண்ணன் குடும்பத்தோட ஒரு பந்தி, நம்ம கூட ஒரு பந்தின்னு நான் ரெண்டு தடவ சாப்பிட வேண்டியிருக்குது. ஒடம்பு தாங்கல" என்றார்.

வேலூரில் ஒரு பெரிய கடை. வயர் சமாச்சாரம் எல்லாம் ஆபீஸ்காரனுக்குத்தான் தெரியும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெட்டியைப் பிரித்ததும் பாய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடினார். திருடவில்லை ஐயா, வெளிச்சம் பார்க்கிறார் என்று நான் விளக்கம் சொன்னேன். பாய் கட்டைவிரலால் நாலு பக்கமும் அழுத்தினார். மோந்தார்.

"மூலையில கொஞ்சம் லூஸு. வேற பீஸ் எடு."

"கடைசிப் பீஸு சார் இது. அடுத்த லோடு புது ரேட்டு" என்றான் கடைக்காரப் பையன்.

அந்த நிமிஷமே அது ஃபர்ஸ்ட் கிரேடு ஆகிவிட்டது.

இதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் எங்கள் ஃபாக்டரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அதற்குத் தோலில் ஓர் உறை தைத்துவிட வேண்டும். ரிமோட்டுக்கு உறை, மிக்சிக்கு உறை, கேஸ் லைட்டருக்கு உறை. பூனை மட்டும்தான் ஓடித் தப்பித்திருக்கிறது. அண்ணனோடு ஆடப்போகிற மெஷினைப் பாய் அம்மணமாக விடுவாரா? காசு கொடுத்து நல்ல ஆட்டுத் தோல் வாங்கினார். உள்ளே ஃபோம், அதற்கு மேல் லைனிங். லட்சுமி அக்கா சாப்பாட்டு நேரத்தில் தைத்துக் கொடுத்தார். வாரண்டி ஸ்டிக்கர் தோலுக்கு அடியில் மேடாகத் தெரிகிறது என்று பாய் அதையும் உரித்து எறிந்தார். ஸ்விட்சுக்கும் வயருக்கும் மட்டும் துளை. லைனே எழுந்து வந்து தடவிப் பார்த்து மெச்சியது. நானும்தான் மெச்சினேன்.

"தூசி போவாது தம்பி" என்றார் பாய் பெருமையாக. "காத்தே போவாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே போய் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தேன். அண்ணன் ஆன்லைனில் இருந்தார். ஆட்டம் தொடங்கியதும் அவர் செய்த முதல் காரியம், பந்தை பாய்க்குத் தள்ளியது. பாய் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திருப்பித் தள்ளினார். அவர் மறுபடி இவருக்கு, இவர் மறுபடி அவருக்கு. கோல் போடுகிற எண்ணமே இருவருக்கும் இல்லை. எதிர் டீம்காரர்கள் சும்மா இருப்பார்களா, பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய் கோலாகப் போட்டார்கள். பாய்க்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பாபி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, டீயில் எனக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடவே போட்டார்.

கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க புது ஷூக் கடை வாசனை. "நல்ல தோலு சூடு பட்டா மணக்கும்" என்றார் பாய். மெஷின் உள்ளுக்குள் உறுமியது. "குஷியா கீது" என்றார். அடுத்த நிமிஷம் திரை கறுத்தது.

ஸ்விட்சை அமுக்கினார். வெளிச்சம் வரவில்லை. வயரைப் பிடுங்கி மாட்டினேன். ஒன்றும் இல்லை. வாரண்டி ஸ்டிக்கர் குப்பையில், கடையில் புது ரேட்டு, பாபியின் துணி ஊற வைத்தபடி வாளியில். பாய் மெஷினை மடியில் வைத்துத் தடவினார். "ரிஜெக்ட்" என்றார், ரொம்ப மெதுவாக. சத்தியமாகச் சொல்கிறேன், என் பணம் போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

அப்போது போன் அடித்தது. பாய் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ எடு தம்பி." பாபி குறுக்கே வந்து பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். அவர்கள் வீட்டில் உருதுதான் பேசுவார்கள். பதற்றம் வந்தால் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். அண்ணன் தமிழில்தான் ஆரம்பித்தார்.

"டேய், இன்னாடா ஆச்சி? நடு ஆட்டத்துல காணாம பூட்ட? ஒடம்பு நல்லாத்தான கீது? ரெண்டு வாரமா வேற ஆளக் காணோம். எனக்கு இங்க ஒரே பேஜார்."

பாய் போன் பக்கம் குனிந்தார். "பாய்ஜான், மெஷின் செத்துப்போச்சி."

"நீ கீறல்ல?"

"கீறேன்."

"அப்ப வுடு. அத்த நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. தூசி போவக்கூடாதுன்னு கவர் தச்சேன்."

"எதுல?"

"ஆட்டுத் தோல்ல. லைனிங் குடுத்து."

கடல் தாண்டி ஒரு சிரிப்பு வந்தது. "கழட்டுடா அத்த. சூடு தாங்காம அதுவா ஆஃப் ஆயிருக்கும். நீ எத்த தச்சாலும் மூச்சு முட்டத்தான்டா தைப்ப. என் ஷூவையும் அப்டித்தான தச்ச."

போச்சு, மறுபடி சண்டை என்று நான் பாபியைப் பார்த்தேன். பாபி என்னைப் பார்த்தார். பாய் உறையின் தையலைப் பிரித்துக்கொண்டே, "ஒரு சைஸு பெருசா தச்சிருக்கணும் பாய்ஜான்" என்றார்.

உரித்த மெஷினை டேபிள் ஃபேன் முன்னால் வைத்தோம். பாபி போதாக்குறைக்கு முந்தானையால் விசிறினார். ஆறியதும் ஸ்விட்சை அமுக்கினேன். எரிந்தது. "அப்பாடா" என்று நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஜாய்ஸ்டிக்கை எடுக்க ஆள் இல்லை. பாய் போனோடு மாடிப்படியில் உட்கார்ந்து உருதுவில் பேசிக்கொண்டிருந்தார். மெஷின் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது, டீயும் ஆறிப்போனது, நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். பாபிக்கு வாஷிங் மெஷின் இன்னும் வரவில்லை, விலை இறங்கட்டும் என்று பாய் காத்திருக்கிறார். அண்ணனோடு தினமும் பேச்சு என்பதால் கேம் செய்தி படிக்கவெல்லாம் அவருக்கு நேரமே இல்லையாம். அதனால் எங்கே எந்த மெஷின் விலை ஏறினாலும் இப்போது நான்தான் தேடிப் படித்து அவருக்கு அனுப்புகிறேன். எனக்கு அதில் ஒரு அட்சரம் புரியாது, "அப்டியா தம்பி, சாப்ட்டியா?" என்று அவரிடம் இருந்து பதில் வரும், அதற்காகத்தான்.