மாமன் நீட்டிய கவளமும் ஐம்பத்து மூன்று கிலோவும்

கே.கே. நகர், மதுரை
செவ்வாய்க்கிழமை

கீழக்குயில்குடியில் சகல சௌகரியத்துடனும், என் மேல் கொஞ்சம் கோபத்துடனும் வாழும் மரியாதைக்குரிய மச்சான் முத்திருளன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெயக்கொடியின் கணவன் அழகுபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜெயக்கொடியும் மகள் ஆர்த்திகாவும் நலம். என் வயிறு மட்டும் இன்னும் முழு நலத்துக்குத் திரும்பவில்லை. அந்தக் கதை கீழே வருகிறது. அங்கே உங்கள் வீட்டுக் கனகலட்சுமி அக்காவும், இரண்டு பசுக்களும், உங்கள் மூட்டுவலியும் எப்படி என்று அறிய ஆவல். போனிலேயே கேட்டிருப்பேன். பன்னிரண்டு நாளாக நீங்கள் எடுக்கவில்லை. கடிதம் என்றால் தபால்காரர் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆர்த்திகாவின் மாவட்ட மல்யுத்தப் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் மூன்றடுக்குத் தூக்குடன் பஸ் ஏறி வந்தீர்கள். மேலடுக்கில், ஞாயிறுதோறும் அக்கா ஆர்த்திகாவுக்குக் கொடுத்தனுப்பும் அதே கருப்பட்டிப் பணியாரம். நடுவில் சோறு. அடியில் நாட்டுக்கோழிக் குழம்பு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனபோதும், கல்லூரியில் சேர்ந்த அன்றும் தாய்மாமன் நீங்கள் ஒரு வாய் ஊட்டிய பிறகுதான் அவள் வாசலைத் தாண்டியிருக்கிறாள். அன்றும் பிசைந்து உருட்டி நீட்டினீர்கள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். "வேணாம் மாமா, நாளைக்கு எடை" என்றாள். உங்கள் கை அந்தரத்தில் நின்றதை நானும் பார்த்தேன். கையைக் கழுவிவிட்டு, "சரிப்பா, வாரேன்" என்று சொல்லிக் கிளம்பினீர்கள். வாரேன் என்றவர் இன்னும் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவே இல்லை மச்சான்.

மல்யுத்தம் என்றால் நன்றாகத் தின்றுவிட்டு எதிராளியைத் தூக்கிப் போடுவது என்றுதான் நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லையாம். ஆர்த்திகாவுக்குப் பயிற்சி தரும் ஞானம் மேடம், "மொதல்ல தராசுல ஜெயிக்கணும் சார், எதிராளியெல்லாம் அப்புறம்தான்" என்றார். போட்டி அன்று காலையில் எல்லாப் பிள்ளைகளையும் தராசில் ஏற்றிப் பார்க்கிறார்கள். ஐம்பத்து மூன்று கிலோப் பிரிவு என்றால் ஐம்பத்து மூன்றுதான். நூறு கிராம் கூடினாலும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். நீங்கள் கவளத்தை நீட்டிய நேரத்தில் அவள் ஐம்பத்து மூன்றே கால் இருந்தாள். நீங்கள் போன பிறகு அதே போல ஒரு கவளம் உருட்டி, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். எழுபது கிராம். உங்கள் கை பெரிது என்பதால் பத்துக் கிராம் கூட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் தராசு துடைத்து, குடுவை கழுவி ஓய்வு பெற்றவன் நான். ஒரு விஷயம் காதில் விழுந்தால் செய்து பார்க்காமல் தூக்கம் வராது. போட்டிக்குச் சில வாரம் முன்பே ஆர்த்திகாவை வீட்டுத் தராசில் நிறுத்தி, பிறகு பழைய பேப்பர்க் கடைத் தராசில் ஏற்றி, அதற்கும் பிறகு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் அட்டை தரும் மெஷினில் நிறுத்தினேன். மூன்றும் மூன்று எடை சொல்லின. அட்டையின் பின்னால், 'உறவினர் வருகையால் நன்மை உண்டு' என்று அச்சடித்திருந்தது. இதில் என்னை அசத்தியது வேறொன்று. இரவு படுக்கும்போது இருந்த எடை காலையில் நானூறு கிராம் குறைந்திருந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை, வீட்டுக் கதவு பூட்டித்தான் இருந்தது. எங்கே போனது என்று மேடத்திடம் கேட்டேன். "மூச்சுலயும் வேர்வையிலயும் போயிரும் சார்" என்றார். மூச்சுக்கும் எடை உண்டு என்பது எனக்கு அறுபத்தொரு வயதில்தான் தெரிந்தது. அதையும் சோதித்தேன். எனக்கு முந்நூற்றைம்பது கிராம் குறைந்தது. மத்தியானமும் படுத்துப் பார்த்தேன். ஜெயக்கொடி இதெல்லாம் ஆராய்ச்சியில் சேராது என்று எழுப்பிவிட்டாள்.

வேர்த்தால் எடை இறங்கும் என்று எங்கோ படித்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு சுற்று ஓடினேன். கீழ்வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டுக் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு போனார். இதை மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்படித் தண்ணியில்லாம வேர்க்க விட்டா மயக்கம் போட்டு விழுந்துருவாங்க சார். புள்ளைக்கு இதச் சொல்லிக் குடுத்துறாதீங்க. நாங்க ரெண்டு மாசமாக் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிட்டு வாரோம்" என்றார். அதற்குப் பிறகு மழைக்கோட்டை மழைக்கு மட்டும்தான் எடுக்கிறேன்.

எடை பார்த்து முடித்ததும் முதல் குஸ்திக்கு இரண்டு மணி நேரம் இருக்குமாம். அதற்குள் சீக்கிரம் செரிக்கிற இனிப்பாக, மாவாக ஏதாவது கொஞ்சம் தின்று, உப்புப் போட்ட தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டுமாம். ஏன் மடக்கு மடக்காக, ஒரே மூச்சில் குடித்தால் என்ன என்று கேட்டேன். வயிறு குலுங்கும் என்றார். உடனே கடைக்குப் போய் உப்புக்கரைசல் பொட்டலம், சியா விதை, பீட்ரூட் பொடி, பேரீச்சம்பழக் கட்டி எல்லாம் வாங்கி, எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று அட்டவணையும் போட்டேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "போட்டி அன்னைக்குப் புதுசா எதையும் வாயில வைக்கக் கூடாது சார்" என்றார். ஒரு மாதமாகப் படித்துவிட்டுத்தானே வாங்கியிருக்கிறேன், இது எப்படிப் புதுசாகும் என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சாப் பத்தாது, புள்ள வயித்துக்குத் தெரியணும்" என்றார். இருந்தாலும் அவள் பைக்குள் எல்லாவற்றிலும் பாதியைப் போட்டு வைத்தேன்.

இனி என் வயிற்றுக் கதை. நீங்கள் கோபமாகப் போன பிறகு அந்தக் குழம்பை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. மகள் சாப்பிடாததை அப்பன் சாப்பிட்டால் மச்சான் மனசு ஆறும் என்று ஒரு கணக்குப் போட்டு, மூன்று பேர் குழம்பை நானே முடித்தேன். சியா விதை வயிற்றில் எப்படி ஊறும் என்றும் தெரிந்தாக வேண்டியிருந்ததால், மேலே அதையும் ஒரு டம்ளர் குடித்தேன். பீட்ரூட் பொடியும் கொஞ்சம். பணியார அடுக்கை மட்டும் எங்கே தேடியும் காணவில்லை. உங்கள் தங்கை மேல் சந்தேகப்பட்டேன். அவள் என் மேல் சந்தேகப்பட்டாள்.

மறுநாள் காலை ஆர்த்திகா ஐம்பத்திரண்டு கிலோ எண்ணூறு. தராசு சொன்னதைக் கேட்டுக் கைதட்டினேன். அதோடு சரி. முதல் குஸ்தி நடந்தபோது நான் கழிப்பறையில் இருந்தேன். இரண்டாவது குஸ்திக்கு வெளியே வந்தேன். பாதி வழியில் திரும்பினேன். இறுதிப் போட்டியின்போது முதலுதவி அறைப் பெஞ்சில் படுத்துக்கொண்டு, மகளுக்கென்று வாங்கிய அதே உப்புக்கரைசலை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரே மூச்சில் குடித்தால் குலுங்கும் என்பது உண்மைதான். நர்ஸம்மா, "நீங்க எந்த வெயிட்டுங்க?" என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. என் மகள் ஜெயித்தாள் மச்சான், மாவட்டத்தில் முதலிடம். பெற்றவன் நான் அதைச் சுவர் வழியாகத்தான் கேட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, அவள் வாயை மூடியது எண்பது கிராமுக்குப் பயந்துதான். மாமன் மேல் அன்பு குறைந்ததால் அல்ல என்பதைத் தாங்கள் ஏற்க வேண்டும். அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி மாநிலப் போட்டி, இங்கேயே மதுரையில். தவறாமல் வர வேண்டும். தூக்கு மட்டும் வேண்டாம். வெறுங்கையோடு வந்து, கைதட்டிவிட்டுப் போகவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பசுக்கள் நன்றாகக் கறக்கட்டும், உங்கள் முழங்கால் தொந்தரவில்லாமல் மடங்கட்டும், உங்கள் கோபம் இந்தக் கடிதத்தோடு தீரட்டும்.

தங்கள் அன்புள்ள
அழகுபாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஆர்த்திகா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். பணியார அடுக்கு அவள் பைக்குள்தான் இருந்திருக்கிறது. தராசிலிருந்து இறங்கியதும், மேடத்திடம் கேட்டுவிட்டு நான்கு பணியாரம் தின்றிருக்கிறாள். நான் வாங்கியதில் ஒரு பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லையாம். "புதுசா எதையும் திங்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாகள்லப்பா. அத்த பணியாரம் எனக்குப் புதுசா? வாரா வாரம் பயிற்சி முடிஞ்சதும் அதத்தான திங்கிறேன்" என்கிறாள். மாமாவிடம் சொல்லலாம் என்று அன்றைக்கே போன் செய்தாளாம், நீங்கள் எடுக்கவில்லை. "மாமா பக்கத்துல நின்னு ஊட்டிருந்தா பயமே இருந்திருக்காது" என்று சொல்லும்போது சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

எனவே மேலே நான் எழுதிய விளக்கம் அனைத்தையும் அடித்துவிடவும். இருபத்திரண்டாம் தேதி காலை ஆறரைக்கு எடை. கையைக் கழுவிக்கொண்டு, தூக்கோடு தராசுப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். நான்கு பணியாரம் போதும் என்கிறார் மேடம். குழம்பு வேண்டாம், இந்தத் தடவை குஸ்தியை நான் கண்ணால் பார்க்க வேண்டும். இறங்கியதும் அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்பாளாம், உங்களிடம் சொல்லச் சொன்னாள்.