சித்தருக்குப் போட்ட துண்டு

பெரியநாயக்கன்பாளையத்தில் மூடிக் கிடந்த நூல்மில் மைதானத்தில், விடிந்தும் விடியாமலும் கார் நிறுத்த இடமில்லை. அன்னூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். சென்னிமலைக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். டாக்டரிடம் அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள், இங்கே பனியில் வாய் திறக்காமல் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே குறை: நடந்தால் அரிக்கிறது, ஓடினால் இன்னும் அரிக்கிறது. எல்லாருக்கும் ஒரே கதி, ஓட்டநாகச் சித்தர்.

சித்தர் காவித் துணியில் டிராக் பேன்ட் தைத்துப் போட்டிருந்தார். காலில் வெளிநாட்டு ஷூ. போன வருடம் வரை எங்கே இருந்தார் என்றால் இமயமலை என்றார்கள். இமயமலையில் எந்த ஊர் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முற்பிறவியில் பாம்பை அடித்தவர்களின் தோலுக்கடியில் அந்தப் பாம்பு சுருண்டு படுத்திருக்குமாம். உடம்பு சூடேறினால் விழித்துக்கொண்டு நெளியுமாம். அதுதான் அரிப்பாம். கேட்ட மாத்திரத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம் மட்டும்தான் நமக்கு விளங்காது.

வரிசையில் சாந்தாமணியும் நின்றாள், மகள் நந்திதாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. நந்திதா போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்து ஓட்டத் தேர்வு. அதில் ஜெயித்தால் காக்கி உடுப்பு, தோற்றால் மாப்பிள்ளை பார்க்கும் படலம். ஆனால் ஓடி வியர்க்கத் தொடங்கியதும் அவளுக்கு உடம்பெல்லாம் ஊசி குத்துவது போல அரித்தது. சின்னச் சின்னத் தடிப்பாக எழும்பி, நின்று இளைப்பாறினால் தானே அடங்கியது.

தோல் டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பு சூடானால் சிலருக்குத் தோல் இப்படித்தான் தடிக்கும் என்றார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெதுவாக நடந்து உடம்பைப் பழக்கிவிட்டு ஓடு, தளர்வான பருத்தி உடுப்பு போடு, மூச்சு இறுக்கினாலோ முகம் வீங்கினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்றார். சாந்தாமணிக்குத் திருப்தியில்லை. இத்தனை பெரிய அரிப்புக்கு இத்தனூண்டு மாத்திரையா?

சித்தரின் சோதனை எளிது. மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டும். சிஷ்யர் கிருபாசங்கர் செம்புப் பெட்டியைத் திறந்து, சிவப்புக் கரை போட்ட 'நாகத் துண்டு' தருவார். அதைக் கொண்டு வியர்வையைத் துடைக்க வேண்டும். அரித்தால் தோஷம் உண்டு. தோஷம் இல்லாதவர் ஒருவர்கூட இதுவரை அந்த மைதானத்துக்கு வந்ததில்லை. பிறகு காணிக்கை வைத்தால் நாக எண்ணெய் தடவி வழித்து விடுவார்கள். அரிப்பு அடங்கும். ஊர் கும்பிடும்.

நந்திதா ஓடினாள், துடைத்தாள், துள்ளினாள். மர நிழலில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி, பதற்றத்தில் அந்தத் துண்டைப் பிடுங்கித் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் கழுத்து தீயாக எரிந்தது.

"சாமி, நான் ஓடவே இல்லீங்களே!"

சித்தர் கண்ணை மூடித் திறந்தார். "நெனப்புல ஓடியிருப்பீங்க, அம்மணி."

சாந்தாமணிக்கு மெய்சிலிர்த்தது. மகள் ஓடும்போது அவள் மனசும் கூடவே ஓடியது உண்மைதானே! சாமிக்கு அது எப்படித் தெரிந்தது? சாமி தீர்ப்பும் சொன்னார்: "தைப்பூசம் கழியற வரைக்கும் பொண்ணு ஓடக்கூடாதுங்க. ஓடுனா நாகம் தலைக்கு ஏறிப்போடும்." ஓட்டத் தேர்வோ தைப்பூசத்துக்கு முன்பே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நந்திதாவின் ஷூவை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நந்திதா அழவில்லை. பதற்றத்தில் அம்மாவின் பைக்குள் வந்துவிட்ட நாகத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஓடுனா எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும். இன்னைக்கு ஒரே சுத்துங்கறதால அது வரல, துண்டு பட்ட எடத்துல மட்டும்தான் அரிச்சுது. பாம்பு துண்டு எங்க படுதுன்னு பார்த்துத்தான் நெளியுமா?"

"அபச்சாரமாப் பேசாத, கண்ணு."

"அந்தக் கிருபாசங்கர் எதுக்குக் கையுறை போட்டுக்கிட்டுத் துண்டை எடுக்கறாரு?"

"அது நாகத்துக்குச் செய்யற மருவாதைன்னு அவரே சொன்னாரே."

"மருவாதைன்னதும் நெனப்பு வருது. சாமிக்கு நாம ஒரு துண்டு போட்டு மருவாதை செய்யவே இல்லியேம்மா."

சாந்தாமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் காதுகுத்தானாலும் கட்சிக் கூட்டமானாலும் போர்வெல் போடும் பூசையானாலும், பெரிய மனுசருக்குத் துண்டு போடாமல் ஒரு வேலையும் தொடங்காது. போடாதவனையும் மன்னிக்க மாட்டார்கள், போட்டதை மறுத்தவனையும் மன்னிக்க மாட்டார்கள். "எந்தத் துண்டு கண்ணு போடறது?" என்றாள்.

"சாமி கொடுத்த துண்டையே போடுவோம். அதைவிட விசேசம் என்ன இருக்குது?"

மகளுக்கு ஒருவழியாகப் பக்தி வந்துவிட்டதென்று சாந்தாமணி பூரித்துப் போனாள். கணவரின் பட்டறைக் கையுறையை நந்திதா நீட்டியபோது, நாகத்துக்கு மரியாதை என்று பயபக்தியோடு மாட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். தலைமை வேங்கடசாமி, நாலு மில்லுக்குச் சொந்தக்காரர், ஓட்டநாகச் சித்தரைக் கேட்காமல் செருப்புக்கூட வாங்காதவர். சித்தரின் கழுத்தில் துண்டுக்கு மேல் துண்டு விழுந்துகொண்டிருந்தது. எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாந்தாமணி கையுறை மாட்டிய கையில், நாகத் துண்டு வைத்த தட்டோடு மேடையேறினாள், பின்னாலேயே நந்திதா. சிவப்புக் கரையைப் பார்த்ததும் சித்தர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாமுங்க அம்மணி. நாம எளிமையானவங்க."

"இத்தனை பேரு போட்டாங்களே, சாமி!"

"போதுமுங்க. கழுத்து தாங்காதுங்க."

சாந்தாமணியின் முகம் சுருங்கிப் போனது. கண் கலங்கியது. "எங்க ஊட்டு மருவாதை மட்டும் சாமிக்கு ஆகாதுங்களா?"

கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. ஒரு தாய் போடும் துண்டைச் சாமி மறுக்கலாமா? வேங்கடசாமி எழுந்து சித்தரின் இரண்டு கைகளையும் அன்போடு பிடித்துக்கொண்டார். "சாமி தன்னடக்கம் பார்க்கறாருங்க. நீங்க போடுங்க அம்மணி!"

"வேண்டாம்! வேண்டா..."

துண்டு மற்ற துண்டுகளுக்கு மேலாக அவர் வெறும் பிடரியில் விழுந்தது. பக்தர்கள் அன்பு மிகுதியில், மற்ற துண்டுகளை மேலே போட்டு, அதை அழுத்தி நீவியும் விட்டார்கள்.

சித்தர் முதலில் நெளிந்தார். அப்புறம் குதித்தார். முதுகை மேடைத் தூணில் தேய்த்தார். "கிருபா! எண்ணெய்! சீக்கிரம் எண்ணெய் கொண்டாடா!"

நந்திதா மைக்கைக் கையில் எடுத்தாள். "ஏனுங்க சாமி, நீங்க ஓடவே இல்லீங்களே?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நெனப்புல ஓடியிருப்பாருங்க!"

சிரிப்பு கிளம்பியது. சித்தர் இப்போது நிஜமாகவே ஓடினார். அந்த மைதானத்தில் அவ்வளவு வேகமாக ஒருவரும் ஓடியதில்லை. பாவம், ஓட்டத் தேர்வுக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை.

பிடிபட்டவர் கிருபாசங்கர்தான். சுற்றி நின்றவர்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஏனுங்க, என்னதான் அதுன்னு கொஞ்சம் சொல்லிப்போடுங்களேன்" என்று கேட்டார்கள். அந்த மரியாதைதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"பூனைக்காலிக் காய்ச் சுணைங்க, தோல்ல பட்டா அரிக்கற பொடி முடிங்க. துண்டுல தேய்ச்சு வெப்பமுங்க. எண்ணெய் போட்டு வழிச்சா சுணை வந்துருமுங்க, அரிப்பு நின்னுருமுங்க."

வேங்கடசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. "அப்ப எனக்குள்ள இருந்த நாகம்?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

அவருக்கு அதில் நிம்மதியைவிட வருத்தம்தான் அதிகமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் அவர் காதில் கேட்டார்: "எப்படியோ போகுதுங்க. அந்த எண்ணெய் நல்ல எண்ணெய்தானுங்களே? இன்னும் ஒரு பாட்டில் கிடைக்குமுங்களா?"

சாந்தாமணி வீட்டுக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து பீரோவைத் திறந்தாள். ஷூவை எடுத்துத் தூசி தட்டி மகளின் காலடியில் வைத்தாள்.

"மாத்திரையப் போட்டுக்கிட்டு ஓடு கண்ணு. நானும் கூட வாரேன்."

"நெனப்புலயாம்மா?"

"சும்மா இரு. நேர்லதான்."

தேர்வு நாளில் நந்திதாவுக்கு லேசாக அரிக்கத்தான் செய்தது. ஓடி முடித்து, தன் வீட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டு, தேறியவர்கள் பக்கம் போய் நின்றாள். வேலிக்கு வெளியே சாந்தாமணி அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்னூரில் இப்போது தும்மலுக்கு ஒரு சித்தர் வந்திருக்கிறாராம். வேன் பேசியாகிவிட்டது என்று கேள்வி. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உடம்பில் அரித்தால் நட்ட நடுச் சபையிலும் சொறிந்துகொள்கிறீர்களே, மூளையில் ஒரு சந்தேகம் அரித்தால் மட்டும் ஏன் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்?