தறிக்குழிக்குள் இறங்கிய மீன் தொட்டி

அன்புள்ள மாப்பிள்ளை ஹேமநாத் அவர்களுக்கு,

ஆரணியிலிருந்து உங்கள் மாமனார் அருணகிரி எழுதுவது. நீங்கள் வாங்கிக் கொடுத்த மீன் தொட்டி என் தறிக்குழிக்குள் காலியாகிவிட்டது. சுபலட்சுமியின் வளைகாப்புக்கு இன்னும் பதினொரு நாள்தான். அவளுக்கான சேலையில் இரண்டு முழமும் முந்தியும் பாக்கி நிற்கையில், மூன்று நாளாகத் தறி ஓடவில்லை. முழுப் பொறுப்பு உங்களுடையது. மற்றபடி இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமும், மாசமாக இருக்கும் என் மகளின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று முடித்துவிடுகிறீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

மீன் போதும் என்றுதான் நான் சொன்னேன். செடியும் வேண்டும் என்றது நீங்கள். செடி வெளுத்தபோது, "அதுக்குக் கார்பன் டை ஆக்சைடு குடுக்கணும் மாமா" என்று கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்து, மூடியில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகி, மறுமுனையைத் தொட்டியின் அடியில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினீர்கள். பாட்டிலை அடிபடாத இடத்தில் வைக்கச் சொன்னீர்கள். என் வீட்டில் அடிபடாத இடம் நான் காலைத் தொங்கவிட்டு நெய்கிற குழியின் மூலைதான். அங்கே என் காலைத் தவிர வேறு கால் வராது. வைத்தேன். பிறகு கூரியரில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வால்வு அனுப்பி, "தண்ணி ரிட்டர்ன் வராம இருக்க இதைக் குழாய்க்கு நடுவுல போடுங்க மாமா, அம்புக்குறி பாத்துப் போடுங்க" என்றீர்கள். பார்த்துத்தான் போட்டேன். எங்கள் வீட்டில் டிசைன் அட்டைக் கட்டில் அப்பா காலத்திலிருந்து அம்புக்குறி போடுகிறோம். அது நெய்கிறவனைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் சேலையில் மயில் தலைகீழாக விழும். நெய்கிறவன் நான். அம்பு என்னைப் பார்த்தது. இதில் என்ன பிழை?

அன்றைக்கே குமிழி நின்றது. குழாயில் அடைப்போ என்று மூடியோடு கழற்றி, முனையை வாயில் வைத்து ஒரு இழு இழுத்தேன். தண்ணீர் வாய்க்கே வந்தது. அடைப்பில்லை என்று தெரிந்துகொண்டு, குழாயைத் திரும்பப் பாட்டிலில் விட்டு, மூடியை லேசாக வைத்துவிட்டு, அரிசி வாங்கக் களம்பூர் போனேன். வந்து தறியில் உட்கார்ந்து காலை விட்டால் கணுக்கால் வரை ஜில்லென்று தண்ணீர். தொட்டியில் மிஞ்சியது இரண்டு விரற்கடை. அதில் ஏழு மீனும் ஒருக்களித்துப் படுத்து என்னையே பார்த்தன. உங்கள் மாமியார் லீலா ஒரு குடம் ஊற்றியதால் பிழைத்தன.

பாட்டிலில் இருந்த சர்க்கரையும் குழியில் வழிந்ததால் எறும்பு வந்தது. மிதிக்கட்டைக் கயிறு வழியாகத் தறியில் பூட்டிய பாவு நூலின் மேல் ஏறி, அரக்குப் பட்டில் ஜரிகை ஓரமாகவே வரிசை கட்டிப் போனது. ஈஸ்ட் புளித்து வீடெல்லாம் கள்ளு வாசனை. அந்த வாசனைக்கே வந்தவர்போல, பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சக்கரவர்த்தி வந்து நின்றார்.

"இன்னா அருணகிரி, தறி நெய்யறியா, படகு ஓட்டறியா?"

"தண்ணி தானா வந்திச்சுபா."

"வாசனைகூடவா தானா வந்திச்சு?"

அடுப்படியிலிருந்து லீலா எனக்கு ஒத்தாசையாக, "பாட்டிலைத் தெறந்து வாய் வச்சு உறிஞ்சிகினு இருந்தாருங்க, நானே பாத்தேன்" என்றாள். காப்பி தவிர ஒன்றும் குடித்தறியாத மனிதன் நான். இப்போது தெருவில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

போகிறபோது சக்கரவர்த்தி குழாயைத் தூக்கிப் பார்த்து, "அம்பு மீனைப் பாக்கணும்பா, காத்து போற பக்கம் அது" என்றார். அட்டை கட்ட இன்றைக்கும் என்னிடம் கேட்டுப் போகிற ஆள், எனக்கு அம்பு சொல்லித் தருகிறார். நான் ஏற்கவில்லை.

ஆகவே நீங்கள் லீவு போட்டு வந்து, குழியை இறைத்துக் காயவைக்க வேண்டும். உங்கள் அப்பா அம்மாவிடம் பேசி வளைகாப்புத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். வால்வு விற்றவனிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

தாயும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க, உங்கள் உத்தியோகம் மேலும் உயர, என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அருணகிரி

பி.கு.: கவரை ஒட்டுமுன், சக்கரவர்த்தி சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகப் புதிதாகச் சர்க்கரை கரைத்து, வால்வைத் திருப்பிப் போட்டேன். சாயங்காலம் குமிழி வந்துவிட்டது. மறுபடி வாயால் இழுத்துப் பார்த்தேன், சொட்டு வரவில்லை. நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனமில்லாததால் அனுப்புகிறேன். நீங்கள் லீவு போட வேண்டாம், தேதியையும் தள்ள வேண்டாம். குழியை நானே இறைத்துவிட்டேன். நாளை விடிந்ததும் உட்கார்ந்து முந்தியை நான் முடிக்க வேண்டும். பாட்டிலை இனி தொட்டியைவிட உயரமாகப் பீரோ மேல் லீலா வைக்க வேண்டும். சக்கரவர்த்தி போன் செய்தால், அம்பு முதலிலிருந்தே மீனைத்தான் பார்த்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும். சுபலட்சுமி, சேலையைக் கட்டுமுன் ஒருமுறை நன்றாக உதற வேண்டும்.