தெருவில் மோதிய நட்சத்திரங்கள்

பாலாற்று மணலில் ஓரிக்கை ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் நெசவாளர் ஏகாம்பரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, "நில்லுபா, நில்லு" என்று வந்தார். நின்றால் அடி விழும் என்று இன்னும் வேகமாக நடந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பௌதிகத்தில் கைவைத்தால் இப்படித்தான் ஆகும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அன்று காலைவரை நான் பிள்ளையார்பாளையத்துக் கோடியில் ஒரு கல்லூரிப் பேராசிரியரின் பௌதிகக் கொட்டகையில் எடுபிடி. ஊர் ஊராகச் சுற்றியவனுக்குக் கூரையும் இரண்டு வேளைச் சோறும் கிடைத்த இடம். அங்கே இரும்புச் சட்டத்திலிருந்து பெரிய அலுமினிய உருளை ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். வானத்தில் இரண்டு நட்சத்திரங்கள் மோதினால் ஈர்ப்பு அலை கிளம்பும், அது பூமியைக் கடக்கும்போது உருளை துளி அதிரும், அதை ஒரு பேனா காகிதத்தில் கோடாக்கும் என்பது ஏற்பாடு. மாதக்கணக்கில் பேனா நேர்கோடுதான் போட்டது. (அதற்கு நானே போதும்.)

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, இதை மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாமா என்று முடிவுசெய்ய இருந்தார்கள். வேண்டாம் என்றால் கொட்டகைக்குப் பூட்டு, என் சோற்றுக்கும்தான். தறி அதிர்ந்தால் உருளையும் ஆடும் என்பதால், அந்த ஒரு மணி நேரம் தெருவில் தறிகளை நிறுத்தச் சொல்லிவரப் பேராசிரியர் என்னை அனுப்பினார்.

"நிறுத்தறோம்பா," என்றார் ஏகாம்பரம். "சும்மா இருக்கிற நேரத்துல பாவு போட்டுக்கலாமா?"

தறியில் ஏறப்போகும் பட்டிழைகள்தான் பாவு. தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி நீவுவார்கள். சத்தமே வராது.

"தாராளமா போட்டுக்கோங்கண்ணா," என்றேன்.

ஒரு முனையைக் கட்ட நல்ல கம்பம் இல்லை என்று தலையைச் சொறிந்தார். உருளை தொங்கும் சட்டத்தின் நுனி கொட்டகைச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெருவிலேயே உறுதியான இரும்பு. நானே இறுக்கிக் கட்டிக்கொடுத்தேன். (அறிவாளி.)

சென்னைக்காரர்கள் உட்கார்ந்ததும் பேனா துள்ளியது. பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி துள்ளியது. மறுபடியும்.

"நட்சத்திரம் இப்படி வரிசையாவா மோதிக்கும்?" என்றார் வந்தவர்களில் மூக்குக்கண்ணாடி போட்டவர்.

ஜன்னலோரம் நின்ற மாணவி ஒருத்தி, "சார், வெளியில ஒருத்தர் நீவ நீவ இங்க துள்ளுது," என்றாள்.

வெளியே ஓடினேன். பதற்றத்தில் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தேன். யாருடைய கல்யாணப் புடவைக்கோ உரிய பாவு மொத்தமும் புழுதியில் விழுந்தது. அதன் மேல் ஏகாம்பரம் விழுந்தார்.

"இன்னாபா, சொல்லிட்டு அவுக்கக் கூடாதா?"

"கண்ணு முன்னாடி நிக்காதே, போ," என்றார் பேராசிரியர்.

போனேன். மணலில் ஒருவழியாக ஏகாம்பரம் என் சட்டையை எட்டிப் பிடித்தார்.

"எங்கபா ஓடற? உன்னைக் கூப்பிடறாங்க."

"அடிக்கவா?"

"அந்த ஆசை எனக்குத்தான் இருக்குது. பாடம் வைக்கலாமாம். ஆனா எது நட்சத்திரம், எது தெருன்னு பிரிக்கத்தான் பசங்களுக்கு முதல்ல கத்துக்கொடுக்கணுமாம். கண்ணாடிக்காரர் சொல்லிட்டாரு. அதுக்கு நீ வேணுமாம்."

இன்றும் எங்கள் அடுக்களையில் ஏதாவது உருண்டால், "நட்சத்திரமா, நீங்களா?" என்று என் மனைவி கேட்கிறாள்.

பாவு புழுதியில் விழுந்த மறுநாள் காலையிலேயே புது வேலையில் சேர்ந்தேன். மாணவர்கள் கண்ணில் படாமல் கொட்டகைக்கு வெளியே குந்தியிருந்து, உள்ளே பேராசிரியர் இருமும்போதெல்லாம் அந்தச் சட்டத்தை ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். அன்று அவருக்கு நல்ல ஜலதோஷம்.