நீங்கள் மாற்றியதாகச் சொன்ன பெல்ட்

பலெர்மோ,
புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய விமலராஜ் அத்தானுக்கு,

லெஸ்டர் குளிரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்பாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. கை வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒன்பது தகவல் போட்டேன். ஒன்பதையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள். அதனால்தான் தபாலில் வருகிறேன்.

விசயம், நீங்கள் இங்கிலாந்துக்குப் போகும்போது எனக்குத் தந்த கார். "பெல்ட் எல்லாம் மாத்தியாச்சு, அஞ்சு வருசத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓடு" என்று சாவியை நீட்டினீர்கள். நான் வீட்டில் பராமரிக்கிற இத்தாலியக் கிழவி, அந்தச் சிஞ்ஞோராவைக் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதுதான் என் வேலை. அந்த வேலைக் கடிதம் இருந்தால்தான் அடுத்த மாதம் பெர்மெசோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பித்து எங்கள் நாலு பேரையும் இந்த நாட்டில் இருக்க விடுவார்கள். போன திங்கள் பெருந்தெருவில், முன்னுக்கும் லொறி, பின்னுக்கும் லொறி, சடக்கென்று ஒரு சத்தம், கார் நின்றுவிட்டது. எண்பத்திரண்டு வயது சிஞ்ஞோரா பின் சீற்றிலிருந்து "ராஜா, இஞ்சை ஏன் நிப்பாட்டினனி, இஞ்சை கோப்பி நல்லாயிராது" என்கிறா, நான் கை காட்டக் காட்ட ஒருத்தரும் நிற்கவில்லை, கடைசியில் பல்லரோச் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப்போன மூன்று சில்லு வண்டிக்காரன் நின்றான், அவனுக்குப் பக்கத்தில் சிஞ்ஞோரா, பின்னால் பெட்டிகளுக்கு மேல் நான், அவன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனானோ என்றால் இல்லை, முதலில் சரக்கு இறக்க வேண்டுமாம், நானும் சேர்ந்து இறக்கினேன், அந்த நேரத்தில் சிஞ்ஞோரா நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கத் தொடங்கிவிட்டா. போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. அவவுக்கு முகம் வெளிறி, மூச்சு இழுத்தது. ஏதோ தப்பிவிட்டா.

அவவின் மகன் வழக்கறிஞர். "காரைத் தந்தவன் ஏமாற்றியிருந்தால் உன்னை வேலையில் வைத்திருப்பேன். உன் கவலையீனம் என்றால் இத்தோடு சரி" என்றார்.

போர்கோ வெக்கியோவில் கராஜ் வைத்திருக்கிற ராஜென், மொறீசியஸ்காரன், பெயர் மட்டும்தான் தமிழ், எனக்கு வகுப்பே எடுத்தான். வெளியில் ஒரு பெல்ட், அது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுமாம். உள்ளே மூடிக்குள் பல்லு வைத்த டைமிங் பெல்ட், அது போனால் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே முடிஞ்சுதாம். கார் ஓடாமல் நின்றாலும் வருசக்கணக்குப் பார்த்து மாத்த வேணுமாம், றப்பர் கிடந்த இடத்திலேயே வெடிக்குமாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதோ? தெரிஞ்சும் ஒரு பழசைப் போட்டுவிட்டு மாத்தினது எண்டு சொல்லி, மச்சான்ர குடும்பம் எக்கேடும் கெட்டுப் போகட்டும் எண்டுதானே ப்ளேன் ஏறினனீங்கள்? நாளைக்குத்தான் ராஜென் மூடியைக் கழற்றுவான். கழற்றாமலே எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். அம்பாள் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் மனச்சாட்சியும் தரட்டும்.

பணிவுள்ள மைத்துனன்,
இராஜதுரை

பின்குறிப்பு: வியாழக்கிழமை. மூடியைக் கழற்றியாச்சு. உள் பெல்ட் நீங்கள் சொன்னபடி புதுசுதான், திகதி எழுதி ஒட்டியும் இருக்கு. வெளிப் பெல்ட்தான் எண்ணெயில் ஊறி, நார் நாராய்ப் பிய்ந்து, மூடிக்குள்ள போய் உள் பெல்ட்டையும் இழுத்து விழுத்தியிருக்கு. "றப்பருக்கு எண்ணெய் விட்டது ஆர்?" என்று ராஜென் கேட்டான். தெரியாது என்றேன். காலையில் கீச்சிடுது என்று நான்தான் விட்டனான் அத்தான், சனீஸ்வரனுக்கு எரிக்கிற எள்ளெண்ணெய், மூன்று சனிக்கிழமை. சத்தமும் நிக்கும், அவற்ற பார்வையும் விலகும் எண்டு நினைச்சன். சிஞ்ஞோராட மகனிட்ட உங்கட பெயரைச் சொல்லிப்போட்டன். அவர் எழுத்தில கேக்கிறார். "பெல்ட்டை நான் மாத்தேல்லை" எண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். மேலே ஏசினதை அக்காவுக்கும் காட்டுங்கோ, இந்தத் துண்டை மட்டும் கிழிச்சு எறியுங்கோ. நீங்கள் பொய் சொல்லேல்லை எண்டு எனக்கு ஒருத்தனுக்குத் தெரியும்தானே, அது காணாதோ?