இறங்கத் தெரியாத மாப்பிள்ளை

உலகத்தில் ஏறத் தெரிந்தவர்கள் அதிகம். இறங்கத் தெரிந்தவர்கள் குறைவு. மரத்தில் ஏறிய பூனையைக் கேட்டால் ஒப்புக்கொள்ளும். மேடையில் ஏறிய பேச்சாளரைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் பூனையின் கட்சி.

பல வருடங்களாக விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது, கொடியில் போட்ட துணி காய்ந்ததா என்பது வரை எழுதிவிடுவேன். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ஈப்போவிலிருந்து லகாட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போன நாளுக்கு மட்டும் என் நாட்குறிப்பில் ஒரே வரிதான்: ‘லகாட் போய் வந்தேன். வெயில்.’ மீதியை இப்போது எழுதுகிறேன். (என் மனைவி கமலம் பின்னால் நின்று திருத்திக்கொண்டிருக்கிறாள்.)

அப்போது ஈயம் வாங்கும் ஒரு சீனர் கடையில் எனக்கு எழுத்து வேலை. காதர் பாயின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் அண்ணன், அண்ணியோடு குடியிருந்தேன். பாயிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கறுப்பு, கனம், குதிரை உயரம். நான் அந்த உயரம் இல்லை. இருக்கையில் உட்கார்ந்தால் என் கால்களுக்கும் தரைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

அதற்கும் பாய் வழி வைத்திருந்தார். ஈப்போவில் கடைகளின் முன்னால் கூரை போட்டு ஓடும் நடைபாதையை அஞ்சடி என்போம். சாலையைவிட ஒரு படி உயரம். அஞ்சடி விளிம்பில் இடது காலை ஊன்றி, தூணைப் பிடித்து ஏற வேண்டும். போன இடத்தில் இன்னோர் அஞ்சடி ஓரமாக வந்து, தூணைப் பிடித்து, அதே காலை ஊன்றி இறங்க வேண்டும். ஈப்போவில் எந்தத் தெருவுக்குப் போனாலும் கடை உண்டு, கடை இருந்தால் அஞ்சடி உண்டு, அஞ்சடி இருந்தால் தூண் உண்டு. ஆகவே நான் என்னை முழுச் சைக்கிள்காரன் என்றே நம்பியிருந்தேன்.

லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியின் மகளைப் பேசியிருந்தார்கள். பெரிய கிராணி என்றால் தோட்ட ஆபீசில் துரைக்கு அடுத்தபடி. “லகாட் வரைக்கும் பஸ்ஸூ, அங்கேருந்து தோட்டத்து மாட்டு வண்டி” என்றார் அண்ணன்.

பாய் சைக்கிளைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். “மாட்டு வண்டியில எறங்குற மாப்புள்ளயும் சைக்கிள்ல எறங்குற மாப்புள்ளயும் ஒண்ணா லா? பஸ்ஸூ மேல போட்டுக் கொண்டு போங்க தம்பி.”

இறங்குவதைப் பற்றித்தான் அவர் பேசினார் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் காலத்து பஸ் ஒரு பெரிய பெட்டி. மலாய்க்கார ஓட்டுநர் “நாயேக்! நாயேக்!” என்று ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டே இருப்பார், பெட்டி பிதுங்கிய பிறகுதான் கிளம்பும். சைக்கிள் கூரைமேல் ஏறியது. என் மடியில் ஒரு சீனப் பாட்டியின் வாத்துக் கூடை ஏறியது. அண்ணி மடியில் தாம்பூலத் தட்டு. வாத்து கழுத்தை நீட்டி, மெங்லெம்பு தாண்டுவதற்குள் வெற்றிலையை முடித்துவிட்டது.

“சகுனம் நல்லா இல்லீங்க” என்றாள் அண்ணி.

“வாத்துக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார் அண்ணன்.

லகாட்டில் இறங்கி வேறு வெற்றிலை வாங்கினோம். தோட்டத்து மாட்டு வண்டி காத்திருந்தது. அண்ணனும் அண்ணியும் அதில் ஏற, நான் வெற்றிலைக் கடை அஞ்சடியில் கால் ஊன்றி, தூணைப் பிடித்து, சைக்கிளில் ஏறினேன். வெகு அழகாக ஏறினேன். அண்ணனின் கோட்டு, கழுத்தில் டை, தலையில் தொப்பி, காலில் பூட்ஸ்.

“தம்பி, முன்னால போயிராத! சேர்ந்துதான் போகணும்!” என்று கத்தினார் அண்ணன். மாட்டின் வேகத்துக்குச் சைக்கிளை ஓட்டினால் சைக்கிள் சாய்ந்துவிடும். அதனால் முன்னால் போனேன். கடைகள் முடிந்தன. அஞ்சடி முடிந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. தோட்டத்து வாசல் தாண்டி, செம்மண் சாலையில் தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பியைக் கண்டதும்தான் இறங்க அஞ்சடி இல்லை என்பது விளங்கியது.

அந்நாளில் தோட்டத்துச் சாலையில் துரை எதிரே வந்தால் நம்மவர் யாராக இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். குடையை மடக்கி ஓரமாக நிற்க வேண்டும். இறங்காதவனுக்கு உதை. அவனைத் தோட்டத்துக்கு வரவழைத்தவனுக்கு வேலை போகும். வேலையோடு தோட்டம் கொடுத்த வீடும் போகும். வெள்ளைத் தொப்பிக்குப் பின்னால், கொளுத்தும் வெயிலில் மடக்கிய குடையோடு ஒருவர் நடந்து வந்தார். என் வருங்கால மாமனார்.

விழுந்து தொலைக்கலாம் என்றுகூட நினைத்தேன். கோட்டு அண்ணனுடையது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ரத்தக் காயம் வேறு ஆகாது. எனவே தொப்பியைத் தூக்கி, “குட் மார்னிங், சார்!” என்று சொல்லிவிட்டு, துரையைக் கடந்து போனேன்.

“டேய்! தொரை நிக்கிறாரு, கண்ணு தெரியல? எறங்குடா!” என்றார் மாமனார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

“முடியலைங்க!” என்றேன், முதுகைக் காட்டியபடி.

அந்தச் சாலை ஆபீசையும் அதன் முன் திடலையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சாலை. திரும்பி வந்தேன். துரை இடுப்பில் கைவைத்து நின்றார்.

“குட் மார்னிங், சார்!”

“என்னடா முடியல? காலக் கீழ வைய்யி!” என்றார் மாமனார்.

“கால் எட்டலைங்க!”

ரப்பர்ப் பால் வாளிகளோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். “ஐயா, யாரோ சாவி குடுத்து விட்டுட்டாங்க. முடிஞ்சாத்தான் நிக்கும்” என்றாள் ஒருத்தி. துரையின் நாய் என்னோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தது.

மூன்றாம் முறை வரும்போது மாட்டு வண்டியும் வந்து சேர்ந்திருந்தது. அண்ணன் வண்டியில் எழுந்து நின்று, தாம்பூலத் தட்டோடு கையை நீட்டி, சந்தோஷமாகக் கூவினார்: “மாமா! அதுதான் மாப்புள்ள!”

மாமனார் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. அதற்குள் வளைவு வந்துவிட்டது. (வெற்றிலை வாத்துக்குப் போனபோதே திரும்பியிருக்கலாம் என்கிறாள் கமலம்.)

வளைவில்தான் கண்டேன், ஆபீஸ் வராந்தாவை. சிமெண்டு விளிம்பு. உயரம் அப்படியே காதர் பாய் கடை அஞ்சடி! துரையைத் தவிர வேறெவரும் பூட்ஸ் காலோடு மிதிக்காத வராந்தா அது என்பதெல்லாம் நினைவில் இல்லை. கரையைக் கண்டவன் போல ஓரமாக வந்தேன், காலை ஊன்றினேன், பழக்கப்படி பக்கத்துத் தூணைப் பிடித்தேன்.

தூண் இருக்க வேண்டிய இடத்தில் துரை இருந்தார். வெயில் தாங்காமல் அப்போதுதான் வராந்தாவில் ஏறியிருந்தார். அவருடைய தோளைக் கெட்டியாகப் பிடித்து, மரியாதையாக இறங்கினேன்.

நாயும் ஓட்டத்தை நிறுத்தியது.

துரை தம் தோளைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். “கிராணி! யார் இந்த ஆள்? ஏன் சுத்துது?”

மாமனார் ஒரு கணம் வண்டியைப் பார்த்தார். ஆபீசை ஒட்டியிருந்த தம் வீட்டைப் பார்த்தார். பிறகு துணிந்து சொன்னார்: “சைக்கிள் விக்கிற ஆளுங்க தொரை. ஈப்போ.”

“ஏன் நிக்கல?”

“எவ்வளவு சுத்தினாலும் நிக்காம ஓடும்னு காட்டுறாருங்க.”

துரை யோசித்தார். சைக்கிளின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். “குட். இன்னொரு தரம் காட்டச் சொல்லு.”

காட்டினேன். வராந்தாவில் ஏறி, நாயோடு ஒரு சுற்று வந்து, வராந்தாவிலேயே இறங்கினேன். இம்முறை துரை முன்யோசனையாக இரண்டடி தள்ளி நின்றார். பிறகு தூரத்து ரப்பர்க் காடுகளைச் சுற்றி மேற்பார்வை பார்க்கிற தோட்டக் கண்டக்டருக்கு ஆகும் என்று சைக்கிளை அங்கேயே விலைக்கு வாங்கி, பணத்தைக் கொடுத்துவிட்டு, நாயை அழைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார்.

மாமனார் குடையை விரித்தார். மூச்சு விட்டார். அண்ணனிடம் சொன்னார்: “ஈயக் கடை எழுத்துக்காரருக்குத்தான் பொண்ணு குடுக்கிறதா இருந்தேன். இனிமே முடியாது.”

“மாமா, அப்படிச் சொல்லாதீங்க…”

“நான் என்ன செய்ய? கல்யாணத்துக்குத் தொரை வருவாரு. ‘இந்த ஆளு சைக்கிள் விக்கிற ஆளுதானே’ம்பாரு. நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா வேலயும் போச்சு, வீடும் போச்சு. சைக்கிள் விக்கிறவரா இருந்தா உள்ள வாங்க. இல்லேன்னா வண்டி நிக்கிது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பூட்ஸைப் பார்த்தேன். அப்போது வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், சிரிப்பை அடக்க முடியாமல்: “ஒரு தடவ ஏறினா எறங்கவே மாட்டாரு போல. வச்சுக்கலாம்பா. விட்டுட்டு ஓடுற ஆளு இல்ல.”

அன்று பெண் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. கமலத்தின் குரலை மட்டும் கேட்டேன். “விக்கிறேன் மாமா” என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது மாட்டு வண்டி, பிறகு பஸ். வாத்து இல்லை, சைக்கிளும் இல்லை.

“சைக்கிள் எங்க தம்பி?” என்றார் பாய்.

“தோட்டத்துத் தொரைக்கு வித்துட்டேன் பாய்.”

“யாரு விக்கச் சொன்னா!” என்று கத்தியவர், நான் பணத்தை நீட்டியதும் நிறுத்தினார். எண்ணினார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “அந்தத் தொரைக்கு இன்னும் ரெண்டு வேணுமான்னு கேட்டியா?”

இப்படித்தான் நானும் பாயும் சைக்கிள் வியாபாரிகள் ஆனோம். மாமனார் கடைசிவரை துரையிடம் பொய் சொல்லாத மனிதராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். எங்கள் கடையின் பின்கட்டில், சைக்கிள் ஓட்டிப் பார்க்கிற இடத்தில், ஒரு சிமெண்டு மேடையும் தூணும் உண்டு. வாடிக்கையாளர் வசதிக்காக என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அது முதலாளி இறங்குவதற்கு.

வீட்டில் இன்னும் விடவில்லை. கல்யாண வீட்டில் யாராவது வாழ்த்துரையை முடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தால், என் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து, “பாவம், அவருக்கு அஞ்சடி கிடைக்கல” என்பார்கள். நான் பேசினாலும் அதே மரியாதைதான்.

இன்னும் எழுத வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அந்த வாத்தைப் பற்றி, அண்ணனின் கோட்டைப் பற்றி. ஆனால் கமலம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, என் பேனாவைப் பிடிக்கிறாள்.

“அஞ்சடி வந்திருச்சு. எறங்குங்க.”