அலமாரியின் மேல் ஒரு செருப்பு

எங்கள் நகரத்தில் சுயசிந்தனை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால், செருப்பு ஞானியின் வீட்டு வாசலுக்கு வாருங்கள். வரிசை தெருமுனை திரும்பி, தபால் நிலையத்தையும் தாண்டி நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு செருப்பு. ஞானி அதை முகர்ந்து பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவார். "நீங்க அடுத்தவன் பேச்சுக்கு ஆடுறவர் இல்ல" என்று அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை பேரும் கட்டணம் கட்டிவிட்டு நின்றார்கள்.

நானும் நின்றேன். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முத்திரை இல்லாத காகிதத்தைத் தொட மாட்டேன். மழை பெய்கிறது என்று மனைவி சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்த பிறகே நம்புவேன். அப்படிப்பட்டவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வலது செருப்பைக் கையில் ஏந்தியபடி வெயிலில் நின்றேன்.

ஞானி முகர்ந்தார். கண்களை மூடினார். "ராஜநடை. பொய் அண்டாத கால். இது நடமாடுற குடும்பத்துக்கு மானக்குறைவே வராது."

எவ்வளவு நுட்பமான மனிதர். அதுவரை இந்த உண்மை எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

அந்தச் செருப்பை இனிமேல் அணியக் கூடாது, உயரத்தில் வைக்க வேண்டும் என்றார். வரவேற்பறை அலமாரியின் மேல், என் தகப்பனாரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். துணையிழந்த இடது செருப்பு மாடிப்படிக்கு அடியில் போய் விழுந்தது. எனக்குப் புது ஜோடி வாங்கிக்கொண்டேன்.

"ஏங்க, வர்றவங்க எல்லாம் அது என்னன்னு கேக்கறாங்க" என்றாள் மனைவி.

"குடும்ப கௌரவம்னு சொல்லு."

"சொன்னேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாங்க."

என் வீட்டில் எல்லோருக்கும் கருத்துச் சுதந்திரம் உண்டு. சுதந்திரம் அவர்களுடையது, கருத்து என்னுடையது. இந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, என் மகள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லும் வரை. அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எந்த ஊர்த் தண்ணீர் என்று எழுதாத புட்டியைச் சோதித்து நல்லது, கெட்டது சொல்வாள்.

மாப்பிள்ளையாக வரத் துடித்தவனை நான் பார்த்ததில்லை. பார்த்தால் பிடித்துப்போய்விடுமோ என்ற பயம். கருத்து உறுதியாக நிற்க வேண்டுமானால் விவரம் கொஞ்சமாக இருக்க வேண்டும்.

"அவன் செருப்பை ஞானிகிட்ட காட்டுவோம். அவர் சொல்றதுதான் முடிவு" என்றேன்.

"சரிப்பா. ஆனா பொட்டலம் நான்தான் கட்டுவேன். நீங்க பிரிச்சுப் பாக்கக் கூடாது. ஞானி சொன்னது சரின்னு எல்லார் முன்னாடியும் நீங்க ஒத்துக்கிட்டா, இந்தக் கல்யாணப் பேச்சை அதோட விட்டுடறேன்."

இவ்வளவு சுலபமாக மடங்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கட்டிய பொட்டலத்தோடு மகளும் நானுமாக வரிசையில் நிற்கும்போதே எனக்குப் பாதி வெற்றி.

வரிசையில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்த ஆள் அன்போடு விசாரித்தார். "யாருக்குப் பாக்கறீங்க ஐயா?" மெக்கானிக், மகளின் பிடிவாதம், எனக்கு இஷ்டமில்லாதது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உடனே அவர் குவளையை நிரப்ப உள்ளே போனார். குவளை நிறையத்தான் இருந்தது. துக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

கூடத்தில் கூட்டம் நெரிந்தது. ஞானி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"ஐயா, இது நடிப்புக்காரக் கால். வெளியில நிமிர்ந்து நடக்கும், உள்ளுக்குள்ள கோணல். எவன் புகழ்ந்து பேசறானோ அவன் வாசல்லயே கிடக்கும். இதை வீட்டுக்குள்ள விட்டா உங்க மானம் போயிடும்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் தீர்ப்பு வாசிக்கும் தோரணையில் மகள் பக்கம் திரும்பினேன்.

"அவர் சொன்னது சரின்னு ஒத்துக்கறீங்களாப்பா?"

"இதுல என்ன சந்தேகம்..."

"இருங்க. அதைக் கால்ல போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"அவன் செருப்பை நான் எதுக்குப் போடணும்?"

"சும்மா போடுங்கப்பா."

போட்டேன். ஓரத்தோல் கிழிந்திருந்த இடத்தில் என் சுண்டுவிரல் தானாகப் போய் எட்டிப் பார்த்தது, பழைய வீட்டு ஜன்னலுக்குத் திரும்பியதுபோல. வருடக்கணக்காக நான் போட்டு நடந்த செருப்பு. மெக்கானிக்கின் செருப்பு என்று முடிவு செய்திருந்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

மகள் பையிலிருந்து வலது செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "இது அலமாரி மேல இருந்தது. அது மாடிப்படிக்கு அடியில கிடந்தது. ரெண்டுமே எங்க அப்பாவோடதுதான். வலதுல பொய்யே அண்டாதுன்னீங்க. இடதுல எப்படி அண்டுச்சு?"

ஞானி தொண்டையைச் செருமினார். "காலுக்குக் காலு குணம் மாறும்மா."

"அப்போ எங்கப்பாவோட எந்தக் காலை வீட்டுக்குள்ள விடலாம்?"

கூட்டம் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. "நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான்பா. அவர் சொன்னது சரியா?"

சரி என்றால் மெக்கானிக் ஒழிந்தான். ஆனால் ஊர் முன்னால் நான் அயோக்கியன். உண்மையின் மேல் எனக்கிருந்த பற்று அப்போதுதான் பொங்கி எழுந்தது. அது என் மேல் எனக்கிருந்த பற்று என்று சிலர் சொல்லலாம். இரண்டும் ஒரே வண்டியில் வரும்போது பிரித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை.

"இந்த ஆள் சொல்றது பொய்" என்றேன்.

"அப்போ போன தடவை சொன்னது?"

ராஜநடை. பொய் அண்டாத கால். கண்ணுக்கு முன்னால் அலமாரி காலியானது.

"அதுவும் பொய்தான்" என்றேன். அதைச் சொல்லத்தான் நேரமாயிற்று.

"எனக்கும் ராஜநடைன்னுதான் சொன்னாரு" என்றார் பின்னாலிருந்த தையல்காரர். "என் மாமியாருக்கும்" என்றார் ஒரு அம்மாள். "அந்த அம்மா நடந்தே ரெண்டு வருஷமாச்சு." கூடத்தில் குரல்கள் ஏறின. ஞானி பின்கதவைத் தேடினார். தண்ணீர்க்காரர் குவளையோடு அவருக்கு முன்பே போயிருந்தார். வாசலில் மட்டும் ஒரு குரல் கெஞ்சியது: "உங்களுது முடிஞ்சிடுச்சுன்னா கொஞ்சம் நகருங்க சார், அடுத்தது நான்."

அடுத்த வாரம் மெக்கானிக் வீட்டுக்கு வந்தான். நான் அவன் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். ஒரு விஷயத்தில் அவன் கருத்தைக் கேட்டேன். என் கருத்துக்கு நேர் எதிராகச் சொன்னான். அவன் முடிக்கும் வரை நான் வாய் திறக்கவில்லை. மனைவி எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

இரண்டு செருப்பும் இப்போது என் காலில்தான் இருக்கின்றன. நீங்களும் செருப்பைத் தாராளமாக யாரிடமும் முகரக் கொடுங்கள். தலையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு மாற்று ஜோடி எந்தக் கடையிலும் விற்பதில்லை.